பெயர் பொறிக்காத பானை: ஹமாதா ஷோஜி வழியாக மிங்கேய் பற்றி ஓர் அறிமுகம்

ஒரு மண்பாண்டத்தைச் செய்தவர் யார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் முதலில் அதைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்ப்பார்கள். முத்திரையோ கையெழுத்தோ அங்கேதான் இருக்கும். 20-ஆம் நூற்றாண்டு ஜப்பானின் மிகப் புகழ்பெற்ற குயவர்களில் ஒருவரான ஹமாதா ஷோஜியின் தட்டைக் கவிழ்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது. இளம் வயதில் இங்கிலாந்தில் வேலை செய்த சில ஆண்டுகளில் முத்திரை குத்தியிருக்கிறார். நாடு திரும்பிய பிறகு, 1978-இல் இறக்கும்வரை, பானையில் பெயர் போடும் பழக்கத்தையே விட்டுவிட்டார்.

இதை வெறும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டால் பாதிதான் புரியும். அந்த வெற்று அடிப்பக்கத்துக்குப் பின்னால் ஒரு கருத்து இருக்கிறது. அதை ஜப்பானியர்கள் 'மிங்கேய்' என்கிறார்கள். மண்பாண்டக் கலை பற்றிப் படிக்கத் தொடங்கும் யாருக்கும் இந்தச் சொல் சீக்கிரமே எதிர்ப்படும். 'நாட்டுப்புறக் கலை' என்று ஒரே வார்த்தையில் விளக்கிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதற்குள் இருப்பது அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. ஹமாதாவின் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்தால் நன்றாகப் பிடிபடும் என்பது என் அனுபவம்.

முதலில் சொல். 'மின்ஷு' என்றால் பொதுமக்கள், 'கோகேய்' என்றால் கைவினை. முன்னதன் தலையையும் பின்னதன் வாலையும் சேர்த்தால் மிங்கேய். கேட்பதற்கு ஏதோ பழங்காலத்துச் சொல் போல இருந்தாலும் இது 1925-இல் பிறந்தது. யானகி சோஎட்சு என்ற சிந்தனையாளர், ஹமாதா, அவருடைய நண்பரும் குயவருமான கவாய் கன்ஜிரோ ஆகிய மூவரும் சேர்ந்து பயணம் போனபோது உருவாக்கிய சொல். மொக்குஜிக்கி என்ற துறவி ஊர் ஊராகச் சுற்றிச் செதுக்கிவைத்த மரச் சிற்பங்களைத் தேடி அப்போது யானகி அலைந்துகொண்டிருந்தார். அதுவரை அவற்றைக் கலை என்று யாரும் பெரிதாக மதித்ததில்லை.

யானகி கேட்டது மிக நேரான ஒரு கேள்வி. அரசவைக்காகவும் செல்வந்தருக்காகவும் பெயர்பெற்ற கலைஞர்கள் செய்த பொருள்களை மட்டும் அழகு என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறோம். ஊறுகாய் ஜாடியும், சோற்றுக் கிண்ணமும், வயலுக்கு உடுத்திப்போகும் துணியும், மூங்கில் கூடையும் ஏன் அந்தக் கணக்கில் வரவில்லை? அவற்றைச் செய்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. பக்கத்தில் கிடைத்த மண்ணையும் மூங்கிலையும் கொண்டு, குறைந்த விலைக்கு, ஒரே உருவத்தை ஆயிரக்கணக்கில் செய்தார்கள். அழகு செய்யவேண்டும் என்று அவர்கள் உட்காரவில்லை. உறுதியாக இருக்கவேண்டும், கைக்கு அடங்கவேண்டும், விற்கவேண்டும். அந்தக் கவலைகளுக்கு நடுவே, கை பழகிப்போன ஓட்டத்தில், அழகு தானாக வந்து உட்கார்ந்துகொண்டது என்பது யானகியின் வாதம்.

இதற்கு அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. கியோட்டோவின் தைத்தொகுஜி கோயில் வளாகத்தில் கிசாஎமோன் என்று பெயரிடப்பட்ட ஒரு தேநீர்க் கிண்ணம் இருக்கிறது. ஜப்பான் அரசு தேசியச் செல்வமாக அறிவித்த பொருள் அது. 16-ஆம் நூற்றாண்டு கொரியாவில் செய்யப்பட்டது. 1931-இல் அதை நேரில் பார்த்த யானகி, இது ஏழை வீட்டில் சோறு உண்ணப் பயன்பட்டிருக்கக்கூடிய மிகச் சாதாரணக் கிண்ணம் என்று எழுதினார். மதிப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அதன் அழகே அந்தச் சாதாரணத்திலிருந்துதான் வருகிறது என்றார்.

கொரியாவை இங்கே விட்டுவிட்டுப் போகக்கூடாது. யானகியின் கண்ணைத் திறந்ததே கொரிய மண்பாண்டங்கள்தான். கொரியா அப்போது ஜப்பானின் ஆட்சிக்குள் நசுங்கிக்கிடந்தது. அந்த ஆட்சியின் கொடுமையைக் கண்டித்து அவர் எழுதினார், 1924-இல் சியோலில் கொரியக் கைவினைகளுக்கு ஓர் அருங்காட்சியகமும் அமைத்தார். ஆனாலும் கொரியக் கலையைச் 'சோகத்தின் அழகு' என்று அவர் வகைப்படுத்தியதைப் பின்னாளில் கொரிய அறிஞர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். அந்த விமர்சனம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஒரு மக்களின் கிண்ணத்தை நேசிப்பதும் அவர்கள் யார் என்று தீர்ப்புச் சொல்வதும் வேறுவேறு.

சரி, ஹமாதாவிடம் வருவோம். தன் வாழ்க்கையை அவர் ஒரே வரியில் சொல்லிவைத்திருக்கிறார்: கியோட்டோவில் பாதையைக் கண்டேன், இங்கிலாந்தில் தொடங்கினேன், ஒகினாவாவில் கற்றேன், மாஷிகோவில் வளர்ந்தேன். இதைவிட நல்ல வரைபடம் நமக்குக் கிடைக்காது.

1894-இல் கவாசாகியில் பிறந்தவர். சிறுவயதில் ஓவியராகும் ஆசை இருந்தது. பிறகு, பயன்படும் பொருளைச் செய்வதே தனக்கு ஏற்றது என்று திரும்பி, 1913-இல் தோக்கியோவின் உயர் தொழில்நுட்பப் பள்ளியில் மண்பாண்டப் பிரிவில் சேர்ந்தார். இதாயா ஹசான் என்ற பெரும் பீங்கான் கலைஞர் அங்கே ஆசிரியர். கவாய் கன்ஜிரோ அங்கேயே இவருக்கு மூத்த மாணவர். 1916-இல் படிப்பு முடிந்ததும் கவாய் வேலை பார்த்த கியோட்டோ நகராட்சியின் மண்பாண்ட ஆய்வுக்கூடத்துக்கே ஹமாதாவும் போனார். இருவரும் சேர்ந்து பத்தாயிரம் மெருகுப் பூச்சுகளைச் சோதித்துப் பார்த்தார்கள் என்று சொல்வார்கள்.

மெருகுப் பூச்சு என்றால் என்ன என்று தெரிந்துகொண்டால் மேற்கொண்டு சொல்லப்போவது எளிதாகப் புரியும். சுட்ட மண்ணின் மேல் படியும் மெல்லிய கண்ணாடிப் படலம் அது. கண்ணாடியாக மாறுவதற்குச் சிலிக்கா வேண்டும். சிலிக்கா மட்டும் இருந்தால் குயவரின் சூளையில் அது உருகாது, அதை உருகவைக்க மரச்சாம்பல் போல ஒன்று வேண்டும். உருகியது வழிந்தோடிவிடாமல் பிடித்து நிறுத்தக் கொஞ்சம் களிமண் வேண்டும். இவற்றைத் தண்ணீரில் கரைத்துப் பாண்டத்தின் மேல் ஊற்றி, சுமார் 1200 முதல் 1300 டிகிரி வெப்பத்தில் சுட்டால் பளபளப்பு வரும். இரும்பு கலந்திருந்தால் பழுப்பும் கறுப்பும், செம்பு கலந்திருந்தால் பச்சையும் கிடைக்கும். அளவு, வெப்பம், சூளைக்குள் நுழையும் காற்று என்று எது மாறினாலும் நிறம் மாறிவிடும். அதனால்தான் ஆயிரக்கணக்கில் சோதனை.

இங்கிலாந்து அடுத்தது. ஜப்பானில் வாழ்ந்து மண்பாண்டம் கற்ற பெர்னார்ட் லீச் என்ற ஆங்கிலேயருடன் ஹமாதாவுக்கு நட்பு உண்டானது. லீச் 1920-இல் தாய்நாடு திரும்பியபோது ஹமாதாவும் கூடவே கப்பல் ஏறினார். கார்ன்வால் பகுதியில் செயின்ட் ஐவ்ஸ் என்ற கடலோர ஊரில் இருவரும் பட்டறை போட்டு, ஜப்பானிய முறையில் ஓர் ஏறுசூளை கட்டினார்கள். மேற்குலகில் அந்த வகைச் சூளை அதுவே முதல். 1923-இல் லண்டனில் ஹமாதாவின் தனிக் கண்காட்சி நடந்தது.

ஆனால் அவரை மாற்றியது கண்காட்சி இல்லை. டிச்லிங் என்ற கிராமத்தில் எதெல் மெய்ரெட் என்ற நெசவாளர் வாழ்ந்தார். நகரத்தை விட்டு விலகி, தானே நூலுக்குச் சாயமிட்டு நெய்து, நாட்டுப்புறக் குயவர் செய்த தட்டுகளில் விருந்தினருக்குச் சாப்பாடு போட்டார். வாழும் வீடு, செய்யும் வேலை, சாப்பிடும் தட்டு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி நின்றன. கிராமத்தில் இருந்துகொண்டே இன்றைய மனிதராகக் கைவினை செய்யலாம் என்பதை ஹமாதா அங்கேதான் கண்ணால் பார்த்தார். 1923 செப்டம்பரில் தோக்கியோவையும் சுற்றுப்புறத்தையும் பெரும் நிலநடுக்கம் தகர்த்தது. அடுத்த ஆண்டு நாடு திரும்பினார். திரும்பியதும் செய்த ஒரு காரியம், அதுவரை ஒத்துப்போகாமல் இருந்த யானகியையும் கவாயையும் சேர்த்துவைத்தது. அது நடக்காவிட்டால் மிங்கேய் என்ற சொல்லே பிறந்திருக்காது.

1924-இல் திருமணம். அப்புறம் மனைவி கசுஎயுடன் ஜப்பானின் தெற்கே உள்ள ஒகினாவா தீவுக்குப் போய் நீண்டகாலம் தங்கினார். நாஹா நகரில் சுபோயா என்ற குயவர் குடியிருப்பு இருக்கிறது. அங்கே உள்ளூர்க் குயவர்களோடு உட்கார்ந்து வேலை செய்தார். வயலில் காற்றுக்கு வளைந்து ஆடும் கரும்பைப் பார்த்து, நாலைந்து தூரிகை வீச்சில் ஒரு கோலம் வரைந்தார். ஒரு தண்டு, இரண்டு பக்கமும் வளையும் தோகைகள், அவ்வளவுதான். அந்தக் கரும்பை அதற்குப்பின் சாகும்வரை வரைந்துகொண்டே இருந்தார். ஒரே படத்தை ஐம்பது ஆண்டு எப்படி வரைய முடியும் என்று தோன்றலாம். தொடக்ககாலத் தட்டையும் கடைசிக்காலத் தட்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதலில் அது கரும்பு மாதிரி இருக்கும். போகப்போகக் கரும்பு மறைந்து, கை போன வேகம் மட்டும் மிஞ்சும். நாட்டுப்புறக் கைவினைஞர் ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் அழகு என்று யானகி எழுதியதை ஹமாதா தன் கையில் சோதித்துப் பார்த்தார் என்றே இதைப் புரிந்துகொள்கிறேன்.

கடைசியாக மாஷிகோ. தோக்கியோவுக்கு வடக்கே தொச்சிகி மாநிலத்தில் உள்ள சிற்றூர். 1853-இல் ஒத்சுகா கேய்சபுரோ என்பவர் தொடங்கிவைத்த மண்பாண்டத் தொழில் அங்கே நடந்துவந்தது. தண்ணீர் ஜாடி, அரைக்கும் கலம், தேநீர்க் கெண்டி என்று தோக்கியோவின் சமையலறைகளுக்குப் போகும் சரக்கு. மண்ணும் பெயர்போன மண் கிடையாது, மணல் கலந்த சொரசொரப்பான மண். தோக்கியோவில் படித்து லண்டனில் கண்காட்சி நடத்திய ஒருவர் போய் உட்காரும் இடமாக யாருக்கும் தோன்றியிருக்காது.

அங்கே மினாகாவா மாசு என்றொரு பெண் இருந்தார். எழுதப்படிக்கத் தெரியாதவர். சிறுமியாக இருந்தபோதே தேநீர்க் கெண்டிகளில் மலையும் நீரும் மரமும் வரையும் வேலைக்கு வந்து, முதுமைவரை அதையே செய்தார். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கெண்டிகள். கை நிற்காது. பெயர் தெரியாத கைவினைஞர் என்று யானகி எழுதியதெல்லாம் உயிரோடு வந்து உட்கார்ந்த மாதிரி ஒருவர். மிங்கேய் அன்பர்கள் அவர் படங்களைக் கொண்டாடியதால்தான் இன்று நமக்கு அவர் பெயரே தெரிகிறது. 'பெயர் தெரியாதவர்' என்ற கருத்துக்குள் ஒளிந்திருக்கும் சிக்கல் இங்கேயே தலைகாட்டிவிடுகிறது.

ஹமாதா உடனே அங்கே சூளை கட்டிவிடவில்லை. ஊரில் மற்றவர் பட்டறையில் இடம் வாங்கிச் சில ஆண்டுகள் வேலை செய்தார். 1930 வாக்கில் பழைய விவசாயி வீடு ஒன்றைப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தினார். அடுத்து சொந்தச் சூளை. கனத்த புல்கூரை வேய்ந்த அந்த வீடுகளைச் சுற்றுவட்டாரத்தில் மக்கள் இடித்துத்தள்ளிக்கொண்டிருந்த காலத்தில், அவர் ஒவ்வொன்றாகத் தன் வளவுக்குள் சேர்த்துக்கொண்டே போனார்.

அவர் செய்த முறை இந்தக் கட்டுரையின் மையம் என்று சொல்லலாம். மாஷிகோவின் மண்ணை ரொம்பச் சலித்துச் சுத்தம் செய்யாமல் எடுத்துக்கொள்வார். கையால் சுற்றும் சக்கரத்தின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்து, சக்கரத்தின் விளிம்பில் உள்ள துளையில் ஒரு கோலைக் கொடுத்துச் சுழற்றுவார். மோட்டார் சக்கரம் போல அது ஒரே சீராகச் சுற்றாது. தொடங்கும்போது வேகம், பிறகு தளர்வு. அந்தத் தளர்வு பானையின் உடம்பில் தெரியும்.

பூச்சுகளும் அப்படித்தான். பத்தாயிரம் பூச்சு சோதித்தவர் கடைசியில் நாலைந்தோடு நின்றார். அவற்றில் முக்கியமானது 'காக்கி'. நம் சீருடைக் காக்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஜப்பானில் இலையுதிர் காலத்தில் பழுக்கும் ஒரு பழத்தின் பெயர் அது, பூச்சின் செம்பழுப்பு நிறத்துக்கு அதன் பெயரையே வைத்துவிட்டார்கள். மாஷிகோவுக்குப் பக்கத்தில் அஷினுமாவில் கிடைக்கும் கல்லை இடித்துப் பொடியாக்கித் தண்ணீரில் கரைத்தால் காக்கிப் பூச்சு தயார், வேறு கலவையே வேண்டாம். வெள்ளைப் பூச்சுக்கு 'நுக்கா' என்று பெயர். நெல் உமியைச் சுட்ட சாம்பலில் இருந்து வருவது. உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா என்பதால் பால் போல் மங்கலான வெண்மை கிடைக்கும். வயலில் மிஞ்சியதும் மலையில் கிடந்ததும் போதும், வெளியூர்ச் சரக்கு வேண்டாம். மிங்கேய் சொன்ன 'உள்ளூர்ப் பொருள்' என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

அலங்காரத்தில் இரண்டு வேலைகள் அவருக்கே உரியவை போல ஆகிவிட்டன. ஒரு பூச்சின் மேல் மெழுகால் கோலம் வரைந்து, அதற்கு மேல் இன்னொரு பூச்சை ஊற்றுவது ஒன்று. மெழுகு உள்ள இடத்தில் இரண்டாவது பூச்சு ஒட்டாது, சூளையில் மெழுகு எரிந்துபோய்க் கோலம் அடிப்பூச்சின் நிறத்தில் தெரியும். இன்னொன்று அகப்பை வீச்சு. பெரிய தட்டைக் கீழே வைத்து, அகப்பையில் பூச்சை மொண்டு, நின்றபடி ஒரே இழுப்பில் குறுக்கே ஊற்றுவார். அழித்துத் திருத்த முடியாது. இதைப் பார்த்த ஒருவர், இவ்வளவு பெரிய தட்டுக்குப் பதினைந்து விநாடி போதுமா என்று கேட்டாராம். பதினைந்து விநாடியோடு அறுபது ஆண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள் என்று ஹமாதா பதில் சொன்னார்.

சூளையும் கடைசி வார்த்தை சொல்லும். ஏறுசூளை என்பது மலைச்சரிவில் படிப்படியாக ஏறும் அறைகளின் வரிசை. கீழறையில் மூட்டிய தீயின் வெப்பம் அடுத்த அறைக்கு ஏறி அதைச் சூடாக்கும். பிறகு ஒவ்வோர் அறையாகப் பக்கத் துளைகளில் விறகு போட்டு மேலே கொண்டுபோவார்கள். ஹமாதாவின் பெரிய சூளைக்கு எட்டு அறைகள். எந்தப் பாண்டத்தின் மேல் எந்தப் பக்கமாகத் தீ நக்கியது என்பதை யாரும் முன்கூட்டித் தீர்மானிக்க முடியாது. தன் பங்கு இவ்வளவுதான், மிச்சம் சூளையின் பங்கு என்று ஒப்புக்கொண்டு வேலை செய்கிறவருக்கு அடியில் தன் பெயரை மட்டும் போடுவது பொருந்தாமல் தோன்றியிருக்கும்.

இனிச் சிக்கலுக்கு வருவோம். மரபுக் கலைகளில் தேர்ந்தவர்களை 'வாழும் தேசியச் செல்வங்கள்' என்று ஜப்பான் அரசு கௌரவிக்கிறது; 1955-இல் முதன்முறையாக அவர்களை அறிவித்தபோது அதில் ஹமாதா இருந்தார். அவருக்குத் தரப்பட்ட பிரிவின் பெயரே 'மிங்கேய் மண்பாண்டம்'. பெயர் இல்லாதவர்களின் கலைக்கு ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து விருது! 1968-இல் பண்பாட்டு விருதும் வந்தது. கவாய்க்கும் இதே இரண்டு கௌரவங்களும் தேடிவந்தன, இரண்டையும் அவர் மறுத்துவிட்டார். ஹமாதா ஏற்றுக்கொண்டார். முத்திரை இல்லாத அவர் தட்டுகள் மரப்பெட்டிகளில் வைத்து விற்கப்பட்டன, பெட்டியின் மேல் அவர் கையெழுத்து இருந்தது. விலை ஏறியது. சோறு உண்ணச் செய்த கிண்ணம் அருங்காட்சியகத்துக்குப் போனது.

இதைப் பலர் முரண் என்று சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். யானகியே இதற்குப் பதில் யோசித்துவைத்திருந்தார். இயந்திரங்கள் கைவினையை அழித்துக்கொண்டிருக்கும் காலத்தில், பழைய கைவினைஞர்கள் தாமாக எழுந்து நிற்க முடியாது, விவரம் அறிந்த சில கலைஞர்கள் வழிகாட்ட வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. எனக்கு இந்தப் பதில் முழுதாக நிறைவு தரவில்லை. வழிகாட்டி மேலே, வேலை செய்கிறவர் கீழே என்ற படிக்கட்டு அதற்குள் இருக்கிறது. ஹமாதாவின் நடைமுறை அந்தப் பதிலைவிட நல்லதாக எனக்குப் படுகிறது. அவர் மாஷிகோவுக்குப் பாடம் நடத்தப் போகவில்லை. ஊரின் மண்ணையும் கல்லையும் சூளையையும் எடுத்துக்கொண்டு, அந்த ஊர்க்காரர்களில் ஒருவராக ஐம்பதாண்டுக்கும் மேலாக வேலை செய்தார். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வந்து ஜாடிகளுக்குத் தேவை குறைந்தபோது மாஷிகோ அழியாமல் நின்றதற்கு அதுவே பெரிய காரணம். இன்றும் ஆண்டுக்கு இரண்டு முறை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், அங்கே மண்பாண்டச் சந்தை கூடுகிறது.

அவரிடம் கற்றவர்களைப் பார்த்தாலும் இது விளங்கும். ஷிமாவோகா தட்சுசோ என்ற சீடர் தோக்கியோவில் பட்டுக் கயிறு பின்னும் குடும்பத்தில் பிறந்தவர். குருவின் கரும்பை அவர் வரையவில்லை. ஈர மண்ணின் மேல் அப்பாவின் கயிற்றை உருட்டி, பதிந்த தடத்தில் வெள்ளைக் களிமண்ணைத் தேய்த்து நிரப்பினார். அவர் பெயர் சொல்லும் பாணி அதுவே ஆயிற்று. 1996-இல் அவரும் வாழும் தேசியச் செல்வம் ஆனார்.

1961-இல் யானகி காலமான பிறகு, தோக்கியோவின் கொமாபாவில் 1936-இல் திறக்கப்பட்ட ஜப்பான் மிங்கேய் அருங்காட்சியகத்தின் இயக்குநர் பொறுப்பை ஹமாதா ஏற்றார். இறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1977-இல், மாஷிகோவில் தன் வளவையே இன்னோர் அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார். 'சங்கோகான்' என்று பெயர், 'பார்த்துக் கற்கும் இடம்' என்று சொல்லலாம். அங்கே அவர் முக்கியமாக வைத்தது தன் பாண்டங்களை இல்லை. உலகெங்கும் சுற்றிச் சேர்த்த கொரிய ஜாடிகள், ஆங்கிலேய நாற்காலிகள், துணிகள், பெட்டிகள். இவற்றின் முன் நான் தோற்றேன் என்று உணரவைத்த பொருள்களை மற்றவர்களும் பார்க்கட்டும் என்று வைத்தார். யார் செய்தது என்று தெரியாதவை அவற்றில் ஏராளம்.

2011 மார்ச் 11 நிலநடுக்கம் அந்த வளவையும் விடவில்லை. எட்டறைச் சூளை இடிந்தது. அதைத் திரும்பக் கட்டினார்கள். ஹமாதாவின் பேரன் தோமோவும் மாஷிகோவின் குயவர்கள் பலரும் சேர்ந்து, 2015-இல் தங்கள் தங்கள் பாண்டங்களை அந்த அறைகளுக்குள் அடுக்கி, கீழறையில் தீ மூட்டினார்கள்.